சஹானாவின் மூச்சு

சஹானா படியில் ஓடி வருகிறாள். லிஃப்ட் இருக்கிறது, அவள் அம்மா லிஃப்டில்தான் வருவாள், ஆனால் இவளுக்குப் படிதான் வேண்டும், மூன்று மாடியும் தடதடவென்று ஏறி, அம்மா லிஃப்ட் கதவைத் திறக்கும்போது எதிரே இடுப்பில் கைவைத்து நின்று சிரிக்க வேண்டும், கொஞ்ச நாளாக இதுதான் விளையாட்டு. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை தானாக நிற்கிறது. காது அந்தக் காலடிகளோடு ஏறுகிறது. முதல் மாடி. செருப்புச் சத்தம் திரும்புகிறது. இரண்டாவது மாடி. நிற்கிறது. ஏன் நிற்கிறாள்? வார் கழன்றிருக்கும். யாராவது எதிரே இறங்கியிருப்பார்கள். மறுபடி கேட்கிறது, இந்தத் தடவை ஓட்டமில்லை, நடை. கட்டிலில் மூக்குக் குழாயோடு சாய்ந்திருந்த நித்திலா தலையைத் தூக்கி வாசலைப் பார்க்கிறாள். சஹானா வாராம்மா என்கிறாள். அதைச் சொல்ல அவளுக்கு நடுவில் ஒரு மூச்சு வேண்டியிருக்கிறது. சஹானா, பிறகு ஒரு இழுப்பு, பிறகு வாராம்மா. கட்டிலுக்குக் கீழே ஆக்சிஜன் மிஷின் உறுமிக்கொண்டிருக்கிறது. ராத்திரி கரண்டு போய் அந்த உறுமல் நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும். பத்து வயதுப் பிள்ளை, இவளும் பத்து, அவளும் பத்து, ஒருத்தி மூன்று மாடி ஏறுகிறாள், ஒருத்தி ஒரு வாக்கியம் ஏற முடியாமல் பாதியில் நிற்கிறாள். பார்க்காதே, நினைக்காதே, கீரையை ஆய். காம்பு தனியாக, இலை தனியாக.

கோகிலவாணி வாசலிலேயே நின்றாள். பட்டுச்சேலை இல்லை, ஆனால் புதுச்சேலை. நாளைக்குக் காலையில் கோபிச்செட்டிபாளையத்துக்குக் கிளம்புகிறார்கள், இங்கே வந்த பிறகு முதல் தடவையாக. செத்த நேரம் இவளைப் பார்த்துக்கொள்ள முடியுமா, ஆஸ்பத்திரியில் போய் மாத்திரையெல்லாம் வாங்கிக்கொண்டு பெரிய டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன், அந்தக் கூட்டத்துக்குள் இவளைக் கூட்டிப்போக மனசில்லை என்றாள். போயிட்டு வா என்றேன். அவள் குனிந்து சஹானாவின் முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டு, என் வாசலில் இருக்கிற கைகழுவும் மருந்தை அவள் கையில் பீய்ச்சி, தேய் அம்மிணி, விரல் இடுக்கெல்லாம் தேய் என்று சொல்லி, பிறகு என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள். எதற்குச் சங்கடம்? என் வீட்டுக்குள் விடுவதற்கு முன்னால் பிள்ளையைப் பத்திரப்படுத்துகிறாள், அவ்வளவுதானே. நானாக இருந்தால் இன்னும் செய்திருப்பேன். நானாக இருந்தால், நானாக இருந்தால். இந்தச் சொல் ஒரு முள் மாதிரி, எந்தப் பக்கம் நடந்தாலும் அதிலேயே போய்ச் சேலை மாட்டுகிறது.

அவள் என்னோடு அக்காதங்கை முறை சொல்லிப் பழகினது ஆஸ்பத்திரியின் ஒரு பெஞ்சில். கோவில்பட்டியிலிருந்து நானும் கோபியிலிருந்து அவளும் ஒரே வாரத்தில் வந்து, ஆஸ்பத்திரிக்கு எதிரே இந்த மாடியில் அடுத்தடுத்த வீட்டில் வாடகைக்குச் சேர்ந்தோம். என் பிள்ளைக்கு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்காய்நார் மாதிரி இறுகிக்கொண்டே போகிற நோய், அவளுடையதற்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறுகிற நோய், பெயர் வேறு, முடிவு ஒன்று. இரண்டு பேருக்கும் நுரையீரலை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்கள். இரண்டு பேருக்கும் ஒரே ரத்த வகை. நெஞ்சின் அளவும் கிட்டத்தட்ட ஒன்று. அதைக் கேட்டபோது நாங்கள் சிரித்தோம், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி என்று சொல்லிக்கொண்டோம், அது எதில் கொண்டுபோய் விடும் என்று அப்போது யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆலையில் மேற்பார்வை பார்க்கிறார், அந்த மருந்து வாடைதான் சட்டையோடு வந்து பிள்ளை நெஞ்சில் ஏறிவிட்டதோ என்று நான் டாக்டரிடம் கேட்டபோது, இல்லவே இல்லைம்மா என்று அவர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் கோகிலா. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, நானுங்கூட உண்டாயிருந்தப்ப பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிச்சேன், அதனாலதானோன்னு கேட்டேனுங்கக்கா, அதுக்கும் இல்லைன்னுட்டாங்க என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் காரணம் கிடைக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவள்மேல் வந்த பிரியம், கூடப்பிறந்தவள்மேல்கூட எனக்கு வந்ததில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்துவோம். எதற்கு நிறுத்தினோம் என்று இருவருக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். எங்கேயோ ஒரு பிள்ளை, இதே அளவு நெஞ்சுள்ள பிள்ளை, பள்ளிக்கூட வேனிலிருந்து, சைக்கிளிலிருந்து. வேண்டாம் சாமி என்று நினைப்போம். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே போனை எடுத்துச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்போம்.

போன் எனக்குத்தான் முதலில் வந்தது. அதை யாரும் மாற்ற முடியாது. நித்திலா அம்மாவா, லங்ஸ் கிடைச்சிருக்கு, உடனே கிளம்பி வாங்க, ஒண்ணும் சாப்பிடக் குடுக்காதீங்க. ரோட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரி, ஆட்டோக்காரர் சிலிண்டரை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார், நித்திலா என் தோளில் சாய்ந்து, வலிக்குமாம்மா என்று கேட்டாள், அதற்கு நான் சிரித்தேன், எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்தது. ரத்தம் எடுத்தார்கள். படம் எடுத்தார்கள். காய்ச்சல் பார்த்த நர்ஸ் இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் வந்து என் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், நின்றுகொண்டு சொல்லவில்லை, அதற்காகவாவது அவரை நான் திட்டக் கூடாது. சளியில் புதுக் கிருமி இறங்கியிருக்கிறது, இப்போது வைத்தால் புது நுரையீரலிலும் அது ஏறிவிடும், பிள்ளை தாங்க மாட்டாள், இந்தத் தடவை விட்டுவிடுவோம்மா என்றார். இந்தத் தடவை. பஸ்ஸை விடுகிற மாதிரி. நான் தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே நிமிர்ந்தபோது வராந்தாவின் அந்தக் கடைசியில் கோகிலா, ஒரு காலில் செருப்பில்லாமல், சஹானாவைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடி வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். அவளுக்கு அதுவரை தெரியாது, யாரிடமிருந்து கைமாறி வருகிறது என்று. என் முகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். நர்ஸ் வேகமா வாங்கம்மா என்று கூப்பிட்டாள், கோகிலா என்னைத் தாண்டிப் போனாள், போகும்போது அவள் புடவை என் முழங்காலில் பட்டது.

பிறகு எல்லாம் நன்றாகவே நடந்தது. அதுதான், எல்லாம் நன்றாகவே நடந்தது. நான் இட்லி அவித்துக் கொண்டுபோனேன். ஐசியூ வாசலில் அவளோடு உட்கார்ந்தேன். சஹானா கண் திறந்தாள், குழாயை எடுத்தார்கள், உட்காரவைத்தார்கள், நடக்கவைத்தார்கள், ஒவ்வொன்றையும் கோகிலா என்னிடம்தான் முதலில் ஓடிவந்து சொன்னாள், வேறு யாரிடம் சொல்வாள், ஒவ்வொன்றும் எனக்குள் போய் ஒரு இடத்தில் கொதிநீர் மாதிரி விழுந்தது. அவள் நகம். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. சஹானாவின் நகம் முன்னே நித்திலாவுடையதைப் போலவே நாவல்பழத்தைத் தின்ற நாக்கின் நிறத்தில் இருக்கும், விரல் நுனி உருண்டு வீங்கியிருக்கும். இப்போது இளஞ்சிவப்பு. மாத்திரையால் முகம் உப்பி, மேலுதட்டில் பூனைமுடி வளர்ந்து, அவள் கண்ணாடி பார்த்து அழுகிறாள் என்று கோகிலா குறைப்பட்டபோது, அந்த உப்பின முகத்தின்மேலும் எனக்குப் பொறாமை வந்தது. என் பிள்ளையும் முடி வளர்ந்துவிட்டதென்று அழட்டுமே. பசி பசி என்று பிடுங்குகிறாள், அடம் பிடிக்கிறாள், கத்துகிறாள் என்றாள். கத்துகிறாளாம். கத்த எவ்வளவு காற்று வேண்டும். அவள் கோகிலாவிடம் வாயாடுகிற சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்கும், நான் கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் காற்று என் பிள்ளையுடையது என்று நினைப்பேன். உடனே இன்னொன்று வந்து நிற்கும். எங்கேயோ ஒரு ஊரில் ஒருத்தி, பெயர் சொல்ல மாட்டார்கள், ஊரைச் சொல்ல மாட்டார்கள், அவள் பெற்றது, அவள் பாலூட்டினது, அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அவள் கேட்கட்டும் யாருடைய காற்று என்று. அவளை நினைத்தால் கொஞ்ச நேரம் அடங்கும். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சஹானா சிரிப்பாள்.

இப்போது என் எதிரிலேயே சிரிக்கிறாள். கட்டிலில் நித்திலாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனில் ஏதோ ஆட்டத்தைக் காட்டி, கையை இப்படி வை, இப்படித் திருப்பு என்று சொல்லிக்கொடுக்கிறாள். நித்திலா கையை மட்டும் ஆட்டுகிறாள். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். இவளுக்குப் பொறாமையே கிடையாது. சஹானாவுக்கு ஆபரேஷன் முடிந்தது என்று சொன்ன அன்றைக்குக் கை தட்டினாள். அடுத்தது எனக்குத்தானே என்று ஒரு தடவை கேட்டாள், பிறகு கேட்கவே இல்லை. இவளை நான்தான் பெற்றேனா என்று இருக்கும், இவளிடம் ஒரு துளி கசப்பில்லை, எல்லாக் கசப்பையும் நானே எடுத்துக்கொண்டுவிட்டேன் போல. சஹானா எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றி ஆடிக்காட்டுகிறாள். இன்னொரு சுற்று. பிறகு எனக்கு ஒண்ணுக்கு வருது பெரீம்மா என்று குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறாள். குழாயைத் திறக்கிற சத்தம். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். நிறைய நேரம் விழுகிறது. வாளி நிரம்பி வழிகிறது. அந்தத் தண்ணீருக்கு அடியில் வேறொரு சத்தம் இருக்கிறது. நான் கீரையைக் கீழே வைக்கிறேன். இந்தச் சத்தத்தை நான் தூக்கத்திலும் எழுந்து கேட்பேன், வருஷக்கணக்காக என் காது இதற்காகவே திறந்து கிடக்கிறது. இருமல். வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு இருமுகிற இருமல்.

கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. திறந்தேன். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, கோகிலா அவளுக்குக் கொடுத்தனுப்பின துண்டை வாயில் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். தோள் இரண்டும் ஏறி இறங்குகின்றன. ஆடினதற்கு இவ்வளவு ஏறாது. குழாயை மூடினேன். எத்தனை நாளா என்று கேட்டேன். அவள் மூன்று விரலைக் காட்டினாள். காலையில் ஊதிப் பார்க்கிற கருவியில் என்ன வருகிறது என்றேன். குறைவாகத்தான் வருகிறது, அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள், நேத்து மாதிரியேதான்னு சொன்னேன், சரின்னுட்டாள் என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரக்கை, சூடான கை, இருக்க வேண்டியதைவிடச் சூடு. "அம்மாட்டச் சொல்லிராதீங்க பெரீம்மா. சொன்னா நாளைக்கு ஊருக்கு விட மாட்டாங்க. அப்பா எனக்கு ரூமுக்கெல்லாம் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காருங்க. ரெண்டே நாள் இருந்துட்டு நானே சொல்லிர்றேன்." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எத்தனை மாசம் இந்தப் பிள்ளை ஊர் முகத்தைப் பார்த்து. அவள் முகத்தைக் கழுவிவிட்டேன். கவசத்தை ஏற்றிவிட்டேன். என் மௌனத்தை அவள் சரி என்று எடுத்துக்கொண்டு என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் முதுகு என் உள்ளங்கைக்குக் கீழே ஏறி இறங்கியது. முதல் தடவையாக அதைத் தொடுகிறேன். இத்தனை நாளும் தொடாமல் தள்ளியே நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உள்ளே அது இருக்கிறது. எனக்கு வந்த போனுக்கு உரியது. ஏறுகிறது, இறங்குகிறது, ஏறும்போது கடைசியில் சின்னதாக ஒரு தடுக்கல்.

சொல்ல வேண்டும், கோகிலா வந்ததும் சொல்ல வேண்டும், அதில் யோசிக்க என்ன இருக்கிறது. கீரையைக் கழுவுகிறேன். சொல்லாமல் இருந்தால் என்ன? நான் ஒன்றும் செய்யப்போவதில்லை, வெறுமனே இருக்கப்போகிறேன். பிள்ளை கேட்டுக்கொண்டாள், நான் பிள்ளைக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினேன். நான் எங்கே வார்த்தை கொடுத்தேன். உடம்பு புது நுரையீரலை அன்னியம் என்று கண்டுகொண்டு எதிர்க்கத் தொடங்குகிறது, அதுதான் இது, ஆபரேஷனுக்கு முன்னால் தாய்மாருக்கு வைத்த வகுப்பில் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது, இருமல் வந்தால், ஊதுவது குறைந்தால், சூடு ஏறினால், ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். கோகிலா எழுதிக்கொண்டாள், நான் மனசில் வைத்துக்கொண்டேன். ரெண்டு நாள் கோபியில் இருந்தால், பெயின்ட் வாசனை வேறு, திரும்பி வரும்போது என்ன ஆகியிருக்கும். செத்துப்போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சத்தியமாக அப்படி இல்லை. அப்படியானால் எப்படி? திரும்பி வர வேண்டும் என்று. அந்தப் பெஞ்சுக்கு. சஹானாவுக்கு மறுபடி நகம் கறுத்து, மறுபடி சிலிண்டர் வைத்து, கோகிலா மறுபடி ஒரு காலில் செருப்பில்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏனுங்கக்கா நமக்கு மட்டும் இப்படி என்று கேட்க வேண்டும். அந்த நமக்கு என்ற சொல் எனக்கு வேண்டும். அவள் அந்தச் சொல்லை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள், இப்போது உங்களுக்கு என்கிறாள், உங்களுக்கும் சீக்கிரம் கிடைச்சிருமுங்கக்கா என்கிறாள். இவ்வளவுதானா நான். இவ்வளவு சின்னவளா. கீரை வாணலியில் சுருங்குகிறது. அறைக்குள் இரண்டு பிள்ளைகளும் கிசுகிசுக்கிறார்கள். நானாக இருந்தால் இந்த மூன்று நாளும் தெரியாமல் போயிருக்குமா. முதல் ராத்திரியே முதுகில் காதை வைத்துக் கண்டுபிடித்திருப்பேன். என்னிடம் கொடுத்திருந்தால் அதை நான் எப்படிப் பார்த்திருப்பேன். இவள் மூட்டை கட்டினாளாம். கோபம் வருகிறது, எங்கிருந்தோ ஒரு கோபம், புதுச்சேலை கட்டிக்கொண்டு, சரின்னுட்டாளாம், கருவியை வாங்கி ஒரு தடவை பார்க்கக்கூடவா நேரமில்லை, யாரோ ஒருத்தி பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு அனுப்பிவைத்ததை, என் பிள்ளை விட்டுக்கொடுத்ததை, இப்படியா பார்த்துக்கொள்வது.

கோகிலா வந்தாள். கை நிறையப் பைகள். எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்திருந்தாள், நித்திலாவுக்குக் கலர் பென்சில். பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே போயிட்டு வாங்க என்று சொன்னதைச் சொன்னாள், போன வாரம் பார்த்ததெல்லாம் நன்றாக இருந்ததாம், ஊரில் தாரைதப்பட்டை வைக்காத குறையாம். பேசிக்கொண்டே அவள் வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றாக எடுத்து வந்து என் வாசலில் வைத்தாள். தள்ளுவண்டி. சின்னச் சிலிண்டரை மாட்டுகிற பை. நீளமான குழாய், கவர் பிரிக்காதது. சாய்ந்து தூங்குகிற முக்கோணத் தலையணை. இனி எங்களுக்கு வேணாமுங்கக்கா, நீங்க வெச்சுக்கங்க, உங்களுக்கு ஆகும் என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். அந்தத் தள்ளுவண்டியின் கைப்பிடியில் சஹானா ஒட்டின பூ ஸ்டிக்கர்கள் இருந்தன. எனக்கு வாய் கசந்தது. வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, நல்லபடியாப் போயிட்டு வா என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் இருந்தது. சஹானா கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோகிலா," என்றேன், "சஹானாவுக்கு மூணு நாளா இருமல் இருக்கு. ஒடம்பும் சுடுது. ஊதுறதும் கொறஞ்சிருக்கு. ஊருக்குப் போகாதே, இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

சஹானா அழ ஆரம்பித்தாள். இல்லைம்மா, பெரீம்மா பொய் சொல்றாங்க என்றாள். கோகிலா பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவள் முகத்தில் நடந்ததை நான் கண்கூடாகப் பார்த்தேன், நம்ப மாட்டேன் என்று அது முடிவு செய்துகொண்டது. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். இன்றைக்குத்தானே டாக்டர் சிரித்தார். "கெளம்பற நேரத்துல இப்படியாக்கா பேசுவீங்க," என்றாள், மெதுவாகத்தான், "உங்களுக்கு வயித்தெரிச்சல். எனக்கு அன்னைக்கே தெரியும். உங்க மூஞ்சிலயே பாத்தேன்." மிஷின் உறுமிக்கொண்டே இருந்தது. நித்திலா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம், அப்படி எல்லாம் இல்லை கோகிலா என்று. "ஆமா, எரியுது," என்றேன். "தினமும் எரியுது. அந்த லங்ஸ் எம்பிள்ளைக்கு வர இருந்தது. அதனாலதான் சொல்லுதேன். அது வீணாப் போறதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. நான் பொய் சொல்லுதேன்னு நெனச்சா, அவ முதுகுல கையை வச்சுப் பாரு." கோகிலா போய்ச் சஹானாவின் சட்டைக்குள் கையை விட்டு முதுகில் வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். வைத்திருக்கும்போதே அவள் உதடு வெளுத்தது. வாசலில் நின்ற தள்ளுவண்டியை இழுத்துப் பிள்ளையைத் தூக்கி அதில் வைத்து லிஃப்ட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பைகளெல்லாம் என் வாசலிலேயே கிடந்தன. மல்லிகை வாழையிலைப் பொட்டலத்தோடு கிடந்தது.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று கேட்டால், சோறு வடித்தேன். நித்திலாவுக்குக் கீரைச்சோறு ஊட்டினேன், அவள் நான்கு வாய்க்கு மேல் வாங்கவில்லை, சாப்பிடவும் மூச்சு வேண்டும். ஜன்னலில் நின்றேன். எதிரே ஆஸ்பத்திரியின் கண்ணாடிச் சுவரில் வெயில் ஒவ்வொரு மாடியாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னது தப்பாகப் போய்விட்டால். ஒன்றுமில்லை, சாதாரணச் சளி, வயிற்றெரிச்சல்காரி ஊருக்குப் போகிற பிள்ளையை மறித்துவிட்டாள் என்று ஆகிவிட்டால். அப்படி ஆகட்டும், சாமி, அப்படியே ஆகட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைக்கிறபோதே, நான் சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்றும் ஒரு மூலை விரும்பியது. சரியாக இருந்தால் என்ன அர்த்தம் என்று அந்த மூலைக்குத் தெரியாதா. தெரியும். விளக்கேற்றுகிற நேரத்தில் கோகிலாவின் போன் வந்தது. உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்களாம், உடம்பு எதிர்க்கத்தான் ஆரம்பித்திருக்கிறதாம், ஆனால் ஆரம்பம்தானாம், ஊசியில் மருந்து ஏற்றினால் அடங்கிவிடும் என்கிறார்களாம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னதை அவள் இரண்டு தடவை சொன்னாள். ஊருக்குப் போயிருந்தா என்று தொடங்கி முடிக்கவில்லை. சாப்ட்டியா என்று கேட்டேன். இல்லீங்கக்கா என்றாள். இட்லி கொண்டு வாரேன் என்றேன். சஹானா உங்கமேல கோவமா இருக்கா, பேச மாட்டேங்கறா என்றாள். இருக்கட்டும் என்றேன். கோபப்படட்டும். அவள் கத்துகிற சத்தம் போனில் கேட்டது, ஊசி வேண்டாம் என்று கத்துகிறாள், நல்ல பெலமாகவே கத்துகிறாள், எனக்குள் அந்த இடத்தில் மறுபடி சுரீர் என்றது. அது எங்கேயும் போய்விடவில்லை. அங்கேயே இருக்கிறது.

போனை வைத்துவிட்டு நித்திலாவிடம் சொன்னேன், சஹானாவுக்கு மருந்து ஏத்துதாங்க, சரியாப் போயிரும் என்று. அவள் கலர் பென்சில் டப்பாவைத் திறக்காமலே கையில் வைத்திருந்தாள். எனக்கு முந்தாநேத்தே தெரியும்மா என்றாள். நான் இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துணி கையிலேயே நின்றுவிட்டது. என்ன தெரியும்? அவ இருமுறது. எங்கிட்டச் சொன்னா. யார்ட்டயும் சொல்லாதேன்னு சொன்னா. நான் போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். ஏட்டி, அவ சொன்னாங்கறதுக்காகவா சொல்லாம இருந்தே என்று கேட்டேன், திட்டுகிற குரலில் இல்லை, திட்ட எனக்கு என்ன இருக்கிறது. அவள் குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டாள். பதில் வர நேரமாயிற்று, பாதி மூச்சுக்காக, பாதி வேறு எதற்கோ. "இல்லம்மா," என்றாள். "அவளுக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்னு இருந்துச்சு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை, டப்பாவின் மூடியில் அச்சடித்திருந்த வானவில்லை நகத்தால் சுரண்டினாள். கசப்பே இல்லாத பிள்ளை என்று நான் நினைத்திருந்தேன். எத்தனை நாளாக இதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தாளோ, கை தட்டின அன்றைக்கும் வைத்திருந்தாளோ, இந்தச் சின்ன நெஞ்சில், இருக்கிற இடமே பத்தாத நெஞ்சில். சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லவா. அப்படி நினைக்கக் கூடாதும்மா என்று சொல்லவா. அவள் கேட்டாள், உனக்கு அப்படி இருந்ததே இல்லையாம்மா?

"இருந்துச்சு," என்றேன். "இப்பவும் இருக்கு."

அவள் என்னை ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள். பிறகு குழாயை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் மெல்ல மெல்ல நகர்ந்து, நான் படுத்துக்கொள்ள இடம் விட்டாள்.